டி500-க்குப் பிறகு எங்கே? காட்டுயிர்ப் படத்துக்காக கேமரா நிறுவனத்தை மாற்றும் யோசனை: ஒரு நிகழ்வு ஆய்வு

நண்பர் ஒருவர் பல வருடங்களாகப் பறவைகளைப் படம் எடுக்கிறார். விலங்கு எதிரே வந்தால் அதையும் விடமாட்டார். அவர் கையில் இருந்தவை நிகான் டி500 கேமரா, 200-500 மி.மீ. எஃப்/5.6 லென்ஸ், லென்ஸின் எட்டும் தூரத்தை 1.4 மடங்காக்கும் டெலிகன்வெர்ட்டர், பூச்சிபோலச் சின்னதைக் கிட்டத்தில் எடுக்கும் பழைய ஏஎஃப்-டி வகை 105 மி.மீ. மேக்ரோ லென்ஸ், ஒரு ஃபிளாஷ், சில எக்ஸ்க்யூடி மெமரி கார்டுகள். நடந்து போய் எடுப்பவர். முக்காலி தூக்குவது அபூர்வம். ஒருநாள் என்னிடம் கேட்டார்: "நிகான் எல்லாத்தையும் வித்துட்டு சோனிக்குப் போயிடலாம்னு பார்க்கிறேன். நீங்க என்ன சொல்றீங்க?"

இந்த எண்ணம் எங்கிருந்து வந்தது என்று விசாரித்தால் விடை சுலபம். கோரைக்குள் நின்ற ஒரு குருகை இவரும் பக்கத்தில் இருந்த இன்னொருவரும் ஒரே சமயத்தில் எடுத்திருக்கிறார்கள். அவருடைய சோனியின் திரையில் குருகின் கண் பளிச்சென்று இருந்தது. இவருடைய படத்தில் பளிச்சென்று இருந்தது கோரைத் தாள். அன்றைக்கே மனசு பாதி மாறிவிட்டது.

இப்படி ஒரு படத்தைப் பார்த்து முடிவெடுப்பவர்கள்தான் அதிகம். தப்பென்று சொல்ல மாட்டேன், அந்தப் படம் பொய் சொல்லவில்லை. ஆனால் ஒரு சீசன் முழுக்க எடுத்ததில் அது ஒரு படம். மற்றவை என்ன ஆயின என்று தெரியாமல் நிறுவனத்தின் பெயரைப் பேச எனக்கு விருப்பமில்லை. நல்லவேளை, அவர் கழித்த படங்களை உடனே அழிக்கிற பழக்கம் இல்லாதவர். அந்தக் கழிவுக் கோப்புறையைத் திறந்தோம்.

கழித்த படங்களைப் பிரித்தது

ஒரு படம் ஏன் மங்கலாக வந்தது என்பதற்குப் படத்திலேயே தடயம் இருக்கும். 100 சதவீதத்துக்குப் பெரிதாக்கி, பறவையை விட்டுவிட்டு முதலில் சுற்றுப்புறத்தைப் பார்க்க வேண்டும். பறவை மங்கல், ஆனால் முன்னாலோ பின்னாலோ ஒரு புல், ஒரு கிளை கூர்மையாக இருக்கிறது என்றால் ஃபோகஸ் தவறிய படம். படத்தில் எதுவுமே கூர்மையாக இல்லை, எல்லா விளிம்பும் ஒரே திசையில் இழுபட்டிருக்கிறது என்றால் கை ஆடியிருக்கிறது, ஷட்டர் வேகம் போதவில்லை. உடல் இறகு கூர்மை, சிறகு நுனி மட்டும் கரைந்திருக்கிறது என்றால் அதுவும் ஷட்டர்தான். தொடர்ச்சியாக எடுத்த பத்துப் படத்தில் ஃபோகஸ் அசையாமலிருந்தும் கூர்மை மட்டும் வந்து வந்து போகிறது, விளிம்புகள் நெளிகின்றன என்றால் அது வெயிலில் காற்று அலைவது. நீர்ப்பரப்புக்கும் வெந்த மண்ணுக்கும் மேலே, நீண்ட தூரத்தில், முற்பகலிலேயே இது ஆரம்பித்துவிடும். எந்த நிறுவனத்தின் எந்தக் கேமராவும் இதைச் சரிசெய்யாது. லென்ஸ் நீளமாக நீளமாக இந்த அலை இன்னும் நன்றாகத் தெரியும், அவ்வளவுதான்.

பிரித்து முடித்தபோது பாதிக்கு மேல் தூரமும் வெயில் அலையும் ஷட்டர் வேகமும்தான். பறக்கும் பறவையை 1/640-இல் எடுத்துவிட்டு ஆட்டோஃபோகஸைத் திட்டியிருக்கிறார். 1/2000 பக்கம் போயிருந்தால் அதில் பல பிழைத்திருக்கும். கால்வாசி அளவுக்கு உண்மையான ஃபோகஸ் தவறுகள். அதிலும் ஒரு கூட்டம் தனியாகத் தெரிந்தது. டெலிகன்வெர்ட்டர் மாட்டிய படங்கள் வரிசையாக ஒரே மாதிரி கொஞ்சம் பின்னால் ஃபோகஸ் ஆகியிருந்தன. டி500 போன்ற டிஎஸ்எல்ஆரில், அதாவது உள்ளே கண்ணாடி வைத்த கேமராவில், ஃபோகஸ் பார்க்கும் பகுதி கண்ணாடிக்குக் கீழே தனியாக உட்கார்ந்திருக்கிறது. படத்தைப் பதியும் சென்சாரோடு அது மயிரிழை ஒத்துப்போகாவிட்டால் இப்படித்தான் வரும். மெனுவில் ஏஎஃப் ஃபைன்-டியூன் என்ற வசதி இதற்காகவே உண்டு. அவர் அதைத் தொட்டதே இல்லை.

டெலிகன்வெர்ட்டர் இன்னொரு வகையிலும் காலை வாரியிருந்தது. எஃப்/5.6 லென்ஸில் 1.4 மடங்கு மாட்டினால் எஃப்/8 ஆகிவிடும், அதாவது உள்ளே வரும் ஒளி பாதியாகிவிடும். டி500-இன் 153 ஃபோகஸ் புள்ளிகளில் எஃப்/8-இல் வேலை செய்பவை 15 மட்டுமே. அதை வைத்துக்கொண்டு பறக்கிற தகைவிலானைத் துரத்தியிருக்கிறார்.

ஆக, கேமரா மாறினால் மாறக்கூடியது அந்தக் கால்வாசியில் ஒரு பகுதி. இதைக் கேட்டு அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். ஆனால் அந்தப் பகுதி சின்னதாக இருந்தாலும் அவருக்கு முக்கியமானது. கோரைக்குள் குருகு, இலைகளுக்கு நடுவே சின்னப் பறவை, மரங்களைப் பின்னணியாகக் கொண்டு பறக்கிற பருந்து எல்லாம் அதில்தான் இருந்தன. அவர் மிகவும் விரும்பி எடுப்பவையும் அவைதான்.

அந்தப் பகுதியை யார் சரிசெய்வார்?

டி500 2016-இல் நிகானின் உயர்ரக டி5-உடன் வந்தது; அதே ஃபோகஸ் அமைப்பு. வெட்டவெளி வானத்தில் பறக்கும் பறவையை இன்றும் அது நன்றாகவே பிடிக்கும். ஆனால் பறவை எது, கோரை எது என்று அதற்குத் தெரியாது. நாம் வைத்த புள்ளிக்குக் கீழே எதில் மாறுபாடு அதிகமோ அதைப் பிடித்துக்கொள்ளும். கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராவில் ஃபோகஸ் பார்ப்பது படம் எடுக்கும் சென்சாரேதான். அதனால் ஃபைன்-டியூன் தொல்லை இல்லை. படம் முழுவதையும் கேமரா பார்த்துக்கொண்டே இருப்பதால் தலை, கண் என்று அடையாளம் கண்டு பின்தொடர முடிகிறது.

இந்த வசதி இன்று எவருடைய தனிச்சொத்தும் இல்லை. கேனன் 2020-இல் ஆர்5-இல் கொண்டுவந்தது. ஒலிம்பஸ் அதே வருடம் டிசம்பரில் இ-எம்1எக்ஸுக்கு ஃபர்ம்வேர் (கேமராவுக்குள் இருக்கும் மென்பொருள்) வழியாகப் பறவை அடையாளம் கொடுத்தது. சோனி 2021-இல் ஏ1-இல் பறவைக் கண்ணைச் சேர்த்தது. நிகான் 2018-இல் தன் இசட் வரிசை மிரர்லெஸைத் தொடங்கியபோது வெளியிட்ட இசட்6, இசட்7 இரண்டும் ஓடும் பறக்கும் உயிர்களைத் தொடர்வதில் பின்தங்கித்தான் இருந்தன. 2021 இறுதியில் இசட்9 வந்த பிறகே நிலைமை மாறியது. "நிகான் ஃபோகஸ் மெதுவு" என்று நண்பர் காதில் விழுந்த பேச்சு அந்த இடைக்காலத்தது. அப்போது அது உண்மை. இசட்9-இன் சிறிய வடிவமான இசட்8-க்குத் தனியாகப் பறவைக்கென்று ஒரு தேர்வே 2024 பிப்ரவரி ஃபர்ம்வேரில்தான் வந்தது. அதாவது ஃபோகஸ் திறமையை ஒரு தேதியில் ஒப்பிட்டு எழுதிவைத்தால் அடுத்த ஃபர்ம்வேரில் அது பழசாகிவிடும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. பழைய உயர்ரகக் கேமராவைக் கைமாற்றாக வாங்கலாம் என்று அவர் சோனி ஏ9-ஐயும் பார்த்துவைத்திருந்தார். 2017-இல் வந்த அது அருமையான கேமரா. கண்ணாடியும் இல்லை, இடையில் திரை இருட்டாவதும் இல்லை, நொடிக்கு 20 படம். 2019 ஃபர்ம்வேரில் விலங்குக் கண்ணும் கிடைத்தது. ஆனால் பறவைக் கண் கிடையாது. குருகு பிரச்சினைக்காக நிறுவனம் மாறுகிறவர் அதை வாங்கியிருந்தால், மாறியும் மாறாத கதையாகியிருக்கும்.

மாறாமல் இருப்பதே ஒரு மாற்றம்தான்

நிகானிலேயே இருந்துவிட்டால் ஒன்றும் மாறாது என்ற நினைப்பு அவரிடம் இருந்தது, பலரிடமும் இருக்கிறது. நிகானின் எஃப் மவுண்ட், அதாவது கேமராவில் லென்ஸைப் பூட்டும் அமைப்பு, 1959-இல் வந்தது. லென்ஸ் உட்காரும் வளையத்துக்கும் ஃபிலிம் அல்லது சென்சாருக்கும் இடையே அதில் 46.5 மி.மீ.; புதிய இசட் மவுண்டில் 16 மி.மீ. நடுவே எஃப்டிஇசட் அடாப்டர் போட்டால்தான் பழைய லென்ஸ் வேலை செய்யும். கேனனிலும் இதே கதைதான், இஎஃப் போய் ஆர்எஃப் வந்தது. டிஎஸ்எல்ஆரிலிருந்து மிரர்லெஸுக்குப் போகிற எவருக்கும் மவுண்ட் மாறுகிறது. மேலே ஒட்டியிருக்கும் பெயர் மட்டும் மாறாமல் இருக்கலாம்.

அப்படியானால் அதே நிறுவனத்தில் இருந்தால் எதெல்லாம் கூட வரும் என்று பார்த்தோம். 200-500 அடாப்டரில் ஆட்டோஃபோகஸோடு வேலை செய்யும். டெலிகன்வெர்ட்டரும் வரும். ஃபிளாஷ் வரும். எக்ஸ்க்யூடி கார்டுகள் இசட்8-இல் அப்படியே பொருந்தும். சோனியில் வேறு அளவு கார்டு. 105 மேக்ரோ படம் எடுக்கும், ஆனால் ஆட்டோஃபோகஸ் போய்விடும். ஏஎஃப்-டி லென்ஸைத் திருப்பும் மோட்டார் பழைய பாடிக்குள், அதாவது கேமராவுக்குள், இருந்தது, அடாப்டரில் அது இல்லை. மேக்ரோவில் கையால் ஃபோகஸ் செய்வதுதான் வழக்கம் என்பதால் அதில் பெரிய இழப்பில்லை.

வெளியே போனால் விற்கும்போது நஷ்டம் வரும் என்பது மாறாதே என்பவர்களின் முதல் வாதம். இவர் விஷயத்தில் அது எடுபடவில்லை. 200-500-ஐ எப்படியும் ஒருநாள் மாற்றத்தான் வேண்டும். அதன் ஃபோகஸ் மோட்டார் நிதானமானது. புது பாடியில் மாட்டினாலும் லென்ஸுக்குள் இருக்கிற மோட்டார் அதேதான். விற்கிற நஷ்டம் இரண்டு வழியிலும் உண்டு. கையில் நிகானின் எடை குறைந்த பிஎஃப் வகை 500 மி.மீ. எஃப்/5.6 லென்ஸ் இருந்திருந்தால் பேச்சே வேறு. 1460 கிராமில் அவ்வளவு கூர்மையான லென்ஸ் வைத்திருப்பவருக்கு வெளியே போகக் காரணம் தேடுவது கஷ்டம்.

ஆனால் அடாப்டரால் வேறொரு லாபம் இருந்தது. நிறுவனம் மாறினால் பாடியும் லென்ஸும் ஒரே நாளில் வாங்கியாக வேண்டும். அதே நிறுவனத்தில் இருந்தால் முதலில் பாடி, பழைய லென்ஸோடு ஒரு சீசன், அப்புறம் லென்ஸ் என்று இரண்டு படியாகப் போகலாம். முதல் படியில் எந்தத் தவறு ஒழிகிறது, எது மிச்சம் நிற்கிறது என்று பார்த்துவிட்டு இரண்டாவது படியை முடிவு செய்யலாம். நிகானில் இருப்பதற்கு நான் கொடுத்த மதிப்பெண்ணில் பெரும்பங்கு இதற்குத்தான்.

கார்டில் விழாத படங்கள்

கழித்த படங்களை வைத்துச் செய்யும் ஆராய்ச்சியில் ஒரு ஓட்டை உண்டு. எடுக்காமல் விட்ட படம் அதில் இருக்காது. அவரோடு நடந்து போனபோதுதான் இது உறைத்தது. காலையில் முதல் ஒரு மணி நேரம் கேமரா கையில் இருக்கும். பிறகு தோளுக்குப் போகும், பிறகு பைக்குள் போகும். பருந்து தலைக்கு மேல் வரும்போது ஜிப் திறக்கிற சத்தம் கேட்கும். ஃபோகஸைக் குறை சொன்னவருக்கு வலித்தது தோள்.

எடையைக் கூட்டிப் பார்த்தோம். டி500 860 கிராம், 200-500 2300 கிராம். மொத்தம் 3160. "நிகானிலேயே இரு" என்பவர்கள் சொல்லும் இயல்பான அடுத்த படி இசட்8-ம் 180-600-ம். இசட்8 910, லென்ஸ் முக்காலி வளையத்தோடு 2140. மொத்தம் 3050. இவ்வளவு செலவு செய்து நூறு கிராம்தான் குறைகிறது! சோனி ஏ1 737 கிராம், 200-600 சுமார் 2115. மொத்தம் 2850 பக்கம். கேனன் ஆர்7 612, 100-500 வளையமில்லாமல் 1370. இரண்டு கிலோவுக்குள் அடங்கிவிடுகிறது. ஒலிம்பஸின் வாரிசான ஓஎம் சிஸ்டத்தின் ஓஎம்-1 599, 100-400 1120, இன்னும் குறைவு.

எடை மட்டும் கணக்கென்றால் ஓஎம் சிஸ்டத்தையோ ஆர்7-ஐயோ எடுத்துக்கொண்டு போய்விடலாம். ஆனால் எடை குறைந்த இடத்தில் எதை விட்டுக்கொடுக்கிறோம் என்பதையும் பார்க்க வேண்டும்.

ஒரே பறவை, ஒரே தூரம், ஒரே ஷட்டர் வேகம் என்றால் அந்தப் பறவையிலிருந்து எவ்வளவு ஒளி உள்ளே வரும் என்பதைத் தீர்மானிப்பது லென்ஸின் ஒளித்துளை விட்டம். குவியத்தூரத்தை எஃப் எண்ணால் வகுத்தால் அது கிடைக்கும். சென்சார் பெரிதா சிறிதா என்பது இந்தக் கணக்கில் வராது. 500/5.6 சுமார் 89 மி.மீ., 600/6.3 95, 500/7.1 70, 400/6.3 63. ஒளி பரப்பைப் பொறுத்தது என்பதால் 95-ஐயும் 70-ஐயும் வர்க்கப்படுத்தி ஒப்பிட்டால், 600 எஃப்/6.3 லென்ஸ் பறவையிலிருந்து 1.8 மடங்கு ஒளியை வாங்குகிறது. ஒரு ஸ்டாப்புக்கு, அதாவது இரண்டு மடங்குக்கு, சற்றுக் குறைவு. பட்டப்பகலில் இது பொருட்டில்லை. விடியலிலும் மரநிழலிலும் ஐஎஸ்ஓ (சென்சாரின் உணர்திறன்) 6400-இல் நிற்கும்போது வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். கையில் இருந்த 200-500-க்கே 89 மி.மீ. இருந்ததால், 100-500-க்குப் போனால் அவர் கையிலிருக்கும் ஒளியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இழக்க வேண்டிவரும்.

அடுத்தது பறவையின் மேல் விழும் பிக்சல். "டிஎக்ஸ் பாடியை விட்டு ஃபுல் ஃபிரேமுக்குப் போனால் எட்டாதே" என்பது அவருடைய நெடுநாள் பயம். டி500-இன் சிறிய சென்சார் டிஎக்ஸ், இசட்8-இன் பெரிய சென்சார் ஃபுல் ஃபிரேம். டி500-இல் ஒரு பிக்சலின் அகலம் சுமார் 4.2 மைக்ரான், 45.7 மெகாபிக்சல் இசட்8-இல் 4.35. ஏறக்குறைய ஒன்றுதான். இசட்8-ஐ டிஎக்ஸ் கிராப்பில் (சென்சாரின் நடுப்பகுதியை மட்டும் எடுக்கும் முறையில்) போட்டால் 19 மெகாபிக்சல் கிடைக்கும், டி500-இல் 20.9. பயப்பட ஒன்றுமில்லை. பயப்பட வேண்டியது 24 மெகாபிக்சல் ஃபுல் ஃபிரேம் பாடிகளுக்கு. இசட்6 III-இல் பிக்சல் சுமார் 5.9 மைக்ரான். அதில் 600 மி.மீ. மாட்டினாலும் டி500-இல் 500 மி.மீ. தருவதைவிடப் பறவையில் குறைவான பிக்சல்தான் விழும். தூரம்தான் பெரிய குறை என்று கழிவுக் கோப்புறை சொன்ன பிறகு இதை வாங்குவது பின்னால் நடப்பதுபோல. சோனி ஏ7ஆர் V-இல் 3.76, கேனன் ஆர்7-இல் 3.2, எட்டும் தூரத்தில் ஆர்7 ராஜா.

அப்படியும் ஆர்7 ஏன் தள்ளிப்போனது? சென்சார் வாசிக்கும் வேகம். அதன் எலக்ட்ரானிக் ஷட்டர் மேலிருந்து கீழ்வரை வாசித்து முடிக்க சுமார் 30 மில்லிவிநாடி ஆகிறது. நொடிக்குப் பத்து முறை சிறகடிக்கும் பறவை அதற்குள் ஒரு சிறகடிப்பில் மூன்றில் ஒரு பங்கை முடித்திருக்கும். மேல் பாதிச் சிறகு ஒரு நிலையிலும் கீழ்ப் பாதி வேறொரு நிலையிலுமாக வளைந்து வரும். மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறினால் நொடிக்கு 15 படம், வளைவு இல்லை. அமைதி மட்டும் போய்விடும். உட்கார்ந்திருக்கும் பறவைக்கும் விலங்குக்கும் அது அருமையான கேமரா. இசட்8, இசட்9, ஏ1, ஆர்5 மார்க் II, ஓஎம்-1 எல்லாம் ஸ்டாக்டு சென்சார் வகை. வாசிப்பு வேகமாக இருப்பதால் இந்த வளைவு ஏறக்குறைய தெரியாது.

லென்ஸ்தான் தீர்மானித்தது

இவ்வளவு கழித்த பிறகு கேள்வி சுருங்கிவிட்டது. ஒன்றரைக் கிலோ சுற்றில், 90 மி.மீ. ஒளித்துளையோடு, 500-600 மி.மீ. எட்டும் லென்ஸ் எவரிடம் இருக்கிறது?

நிகானில் இசட் 600 மி.மீ. எஃப்/6.3 பிஎஃப். 2023 அக்டோபரில் வந்தது; வளையத்தோடு 1470 கிராம். இன்னொன்று 400 மி.மீ. எஃப்/4.5, 1245 கிராம், 1.4 மடங்கு மாட்டினால் 560 எஃப்/6.3. கேனனில் அப்போது 100-500-க்கும் மிகப்பெரிய வெள்ளை லென்ஸ்களுக்கும் நடுவே இந்த இடம் காலி. 600, 800 மி.மீ. எஃப்/11 லென்ஸ்கள் எடை குறைவு, ஆனால் ஒளியில் மிகவும் பின்னால். சோனிக்கு சிக்மாவின் 500 மி.மீ. எஃப்/5.6 இருக்கிறது, 1370 கிராம் பக்கம்; 2024-இல் வந்தது. நேருக்கு நேர் போட்டி இதுதான். ஆனால் சோனி பாடிகள் மற்ற நிறுவன லென்ஸ்களில் தொடர் படத்தை நொடிக்கு 15-ஓடு நிறுத்திவிடுகின்றன. டெலிகன்வெர்ட்டரும் மாட்ட முடியாது. நொடிக்கு 15 போதாதா என்றால் எனக்குப் போதும். டெலிகன்வெர்ட்டர் இல்லாததுதான் அவருக்கு உறுத்தியது.

இரண்டு செட்டையும் வாடகைக்கு எடுத்துப் பார்த்தார். அரிய பறவையைத் தேடிப் போக வேண்டாம், காக்கையும் புறாவும் போதும் என்றேன். சோதனைக்கு வேண்டியது ஒரே மாதிரி திரும்பத் திரும்ப வரும் வாய்ப்பு. கருப்புக் காக்கை மரப் பின்னணியில் குறுக்கே பறப்பதைவிடக் கடுமையான ஃபோகஸ் பரீட்சை கிடையாது. இரண்டும் பிடித்தன. சோனி முதலில் கண்ணைக் கண்டுபிடிப்பதில் ஒரு துளி சுறுசுறுப்பு என்பது அவர் அபிப்பிராயம். கூட நின்ற எனக்கும் அப்படித்தான் பட்டது. ஆனால் கை தடுமாறியது. லென்ஸ் மாட்டும் திசை நிகானில் மற்றவர்களுக்கு நேர் எதிர். கட்டைவிரல் தேடும் இடத்தில் பொத்தான் இல்லை. இதெல்லாம் சில மாதங்களில் பழகிவிடும் என்பதால் இதற்காக மட்டும் ஒரு நிறுவனத்தை வேண்டாமென்று சொல்ல மாட்டேன்.

கடைசியில் முடிவு இது: இசட்8-ம் எஃப்டிஇசட் II-ம் முதலில், 200-500-ஓடு ஒரு சீசன், அதன் பிறகு 600 பிஎஃப் வேண்டுமா என்று பார்ப்பது.

இதே கேள்விகளை வைத்து இன்னொருவர் வேறு முடிவுக்கு வந்ததையும் சொல்ல வேண்டும். அவரிடம் இருந்தது ஒரு டிஎக்ஸ் பாடியும் 70-300-ம் மட்டும். வண்டியிலிருந்து பாலூட்டிகளை எடுப்பவர். யானை கிட்டே வரும், அடுத்த நிமிடம் தூரத்தில் புள்ளிமான் நிற்கும். அவருக்கு ஜூம் இல்லாமல் முடியாது. கூட வரவேண்டிய சொத்தும் பெரிதாக இல்லை. கேனன் 100-500-க்குப் போனார். அவர் இடத்தில் நானும் அதைத்தான் செய்திருப்பேன்.

மாறிய பிறகு

முதல் படி எதிர்பார்த்தபடியே போனது, எதிர்பார்த்த குறையோடு. கோரைக்குள் இருக்கும் பறவையில் தவறு கண்கூடாகக் குறைந்தது. பின்னால் ஃபோகஸ் விழும் வரிசை அடியோடு ஒழிந்தது. ஆனால் இசட்8, அடாப்டர், 200-500 மூன்றும் சேர்ந்து 3300 கிராமைத் தாண்டின, பழையதைவிட அதிகம். தோள் சம்மதிக்கவில்லை. பருந்து வேகமாக நேரே வரும்போது லென்ஸ் மோட்டார் பின்தங்குவதும் இப்போது தெளிவாகத் தெரிந்தது. முன்பெல்லாம் அந்தப் பழி பாடியின் மேல் விழுந்தது. இரண்டாவது படிக்கு வேறு வாதம் தேவைப்படவில்லை. 600 பிஎஃப் வந்தது. மொத்தம் 2380 கிராம். கேமரா இப்போது பைக்குள் போவதில்லை, காலை முழுக்கக் கையில்தான்.

புதுத் தொல்லைகளும் வந்தன. டிஎஸ்எல்ஆரில் கண்ணை வைத்தவுடன் பார்க்கலாம். மிரர்லெஸ் தூங்கியிருந்தால் விழிக்க ஒரு கணம் ஆகும், அந்தக் கணத்தில் மீன்கொத்தி போய்விடும். தூங்கும் நேரத்தை நீட்டி வைத்தார், பேட்டரி குறைந்தது. நிறுவனக் கணக்குப்படி டி500-இல் ஒரு சார்ஜுக்கு 1240 படம், இசட்8-இல் 330 பக்கம். தொடர் படமாக எடுக்கும்போது அந்தக் கணக்கைவிடப் பல மடங்கு கிடைக்கும் என்றாலும் உபரி பேட்டரி இல்லாமல் கிளம்ப முடியாது. நொடிக்கு 20 படம் என்றால் பத்து விநாடியில் 200 கோப்பு. மாலையில் கழிக்க உட்கார்ந்தால் சாப்பாட்டு நேரம் போய்விடுகிறது. சாதாரண வேலைக்கு 10-க்குக் குறைத்துக்கொண்டார்.

பறவை அடையாளத்தையும் அப்படியே நம்பக் கூடாது. கூட்டத்தில் நாம் நினைத்த பறவையை விட்டு வேறொன்றுக்குத் தாவும். சில சமயம் கொக்குபோல வளைந்த காய்ந்த தண்டைக்கூடக் கண்ணென்று பிடித்துக்கொள்ளும். ஒரு பொத்தானுக்குச் சின்னக் கட்டம், இன்னொன்றுக்குத் திரை முழுவதும் தேடுவது என்று பிரித்து வைத்த பிறகுதான் சமாளிக்க முடிந்தது. கோரைக்குள் சின்னக் கட்டம், வானத்தில் முழுத் திரை.

600 மி.மீ. நிலையான லென்ஸின் விலையும் தெரிந்தது. அதற்குக் கிட்டத்தில் ஃபோகஸ் 4 மீட்டர், 200-500-இல் 2.2. மான் ஒன்று பாதைக்கே வந்து நின்றபோது அவருக்குக் கிடைத்தது முகமும் ஒரு காதும்தான். அதோடு பிஎஃப் வகை லென்ஸில் எதிரே பலமான ஒளிப்புள்ளி இருந்தால் வண்ண வளையங்கள் விழும். நீரில் சூரியன் மின்னும் காலைகளில் இதைக் கவனித்துத்தான் எடுக்க வேண்டியிருக்கிறது. அதனால் 200-500-ஐ விற்கவில்லை. வண்டியில் போகிற நாட்களுக்கு அது அடாப்டரோடு கிடக்கிறது. டி500-ம் வீட்டில்தான்: 105 மேக்ரோவுக்கு ஆட்டோஃபோகஸ் அதில்தான் உண்டு, ஃபிளாஷோடு பூச்சிகளை எடுக்க அது போதும். கைமாறியது டெலிகன்வெர்ட்டர் மட்டும்.

தீராத குறை ஒன்று இருக்கிறது. ஷட்டரை முழுதாக அழுத்துவதற்கு முந்தைய கணங்களையும் சேர்த்துப் பதிவு செய்யும் வசதி, பறவை கிளம்பும் நொடிக்கும் மீன்கொத்தி பாயும் நொடிக்கும் தங்கம். இசட்8-இல் அது ஜேபெக்கில்தான் கிடைக்கிறது. ஓஎம்-1, ஆர்5 மார்க் II, ஏ1 II போன்றவை அதை ரா கோப்பாகவே, அதாவது சென்சார் பதிந்த தகவல் குறையாமல், தருகின்றன. நண்பர் எடுப்பதில் பாய்ச்சல் படங்கள் குறைவு என்பதால் இந்தக் குறை முடிவைக் கவிழ்க்கவில்லை. நாளெல்லாம் மீன்கொத்திக்கு எதிரே உட்கார்ந்திருப்பவர் இதே கணக்கைப் போட்டிருந்தால் நிகான் முதல் சுற்றிலேயே வெளியே போயிருக்கும்.